விடை சொல்லாதவரின் காப்போலை

நலம் நிலைக்க. வடக்கே செம்மலையும் தெற்கே உப்பங்கழியும் எல்லையாக ஒரு குடைக்கீழ் ஓங்கும் வெண்கரை நாட்டின் வேந்தர் மானவேளரசர் திருவாய்மொழிந்தருளியபடி, அவர்தம் திருவோலை நாயகி, நிலமளந்த கோலுடையார் கண்டனார் மகள் எழினங்கை எழுத்து. சேணாற்றங்கரை ஆதுலசாலையின் தலைமை மருத்துவர், மூன்று தலைமுறையாக நாடி பிழையாத குடியில் தோன்றிய சாத்தன் ஏறனார் காண்க. தங்கள் சாலையும், அதன் மூலிகைத் தோட்டமும், அங்குக் கிடக்கும் பிணியாளர் எண்பதின்மரும் நலம் பெறுக.

ஆவணித் திங்கள் ஒன்பதாம் நாள் தாங்கள் விடுத்த ஓலை பதினோராம் நாள் முற்பகல் வந்தடைந்தது. அதில் திங்களுக்கு முன் நாளும், ஊருக்கு முன் பெயரும் எழுதப்பட்டிருந்தன. வரிசைப்படுத்திப் படித்துக்கொண்டேன். இனி அவ்வாறு நேராதிருக்கட்டும். பொருளில் ஐயமில்லை.

அரண்மனைக் குதிரைகளைப் பேணும் பரிக்காரன் வடுகன் மகள் நாகை என்பாள் இரைப்பு நோய் மிகுந்து தங்கள் வாயிலுக்கு வந்தாள் என்றும், இங்கிருந்து அனுப்பிய பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ‘காப்பு வேண்டாதவள்’ என்று இருந்தமையால் அவளை உள்ளே சேர்க்க இயலாது வாயிற்கொட்டகையில் கிடத்தியிருப்பதாகவும், கஞ்சியன்றி மருந்து கொடுக்கத் தங்களுக்கு உரிமையில்லை என்றும், மேற்செய்யத்தக்கது யாதென்றும் கேட்டிருந்தீர்.

பட்டியலில் அவ்வரி என் கையெழுத்து. ஆனித் திங்கள் இருபத்துநான்காம் நாள் எழுதினேன்.

விதி தாங்கள் அறிந்ததே. அரச ஊழியர் தம் மக்கள், இருபத்தாறு வயது நிரம்பும் வரை, தாய் தந்தையர் பெற்ற காப்போலையின் கீழ் மருத்துவம் பெறுவர். மணம் செய்யாது, முதிர்ந்த பெற்றோரைப் பேணி உடனிருக்கும் மகள் அவர் உள்ளளவும் பெறுவாள். அதன் பின் நாற்பத்தைந்து நாளுக்குள் மூன்று சாலைகளுள் ஒன்றைத் தாமே தேர்ந்து, தம் பெயரில் ஓலை பெறல் வேண்டும். தங்கள் சாலை விளைச்சல்தோறும் ஒரு கலம் நெல் கொண்டு, பின்னர் எதுவும் கேளாது. மலையடிச் சாலை ஒரு குறுணி மட்டுமே கொண்டு, நோயுற்றால் முதற் பன்னிரண்டு நாள் மருந்தைப் பிணியாளர் தலையிலே வைக்கும். துறைமுகச் சாலை எலும்பு முறிவுக்கும் வெட்டுக்காயத்துக்கும் சிறந்தது. ஆயினும் முன்னரே உள்ள நோயைத் தொடாது. நாற்பத்தைந்து நாளில் விடை தாராதாரைக் காப்பு வேண்டாதார் என்று எழுதுக என்னும் இறுதி வரி நான் சேர்த்தது. பட்டியலில் வெற்றிடம் இருத்தல் முறையன்று என்று அந்நாளில் கருதினேன்.

நாகை மலையடிச் சாலையைக் கேட்டிருந்தால் பன்னிரண்டு நாள் மருந்துக்கு வழியின்றி நின்றிருப்பாள். துறைமுகத்தைக் கேட்டிருந்தால் அவள் நோயைக் கண்டு கதவடைத்திருப்பர். தங்கள் சாலைதான் அவளுக்கு உரியது. நோயின் பெயர் தெரிந்திருந்தால் தேர்வு அரை நாழிகை வேலை. பிறருக்கு நான் அவ்வாறே சொல்லி வந்திருக்கிறேன்.

ஆனி இருபத்தைந்தாம் நாள் என் தந்தையார் தம் தொண்ணூற்று மூன்றாம் வயதில் இறந்தார். மணமின்றி அவரைப் பேணி வந்தேன் ஆதலின், மறுநாள், விதிப்படி, சாலை தேரச் சொல்லும் அறிவிப்போலை எனக்கு வந்தது. கீழோலை எழுதும் பூதன் எழுதியிருந்தான். சொற்கள் யாவும் நான் அமைத்தவை. பிழை காண இடமில்லை. அதனை எழுத்தாணிப் பெட்டியின் மேல் வைத்தேன். நாள்தோறும் படித்தேன். ஓலைமண்டபத்துக்கு வந்தேன், சென்றேன். தந்தையார்க்கு வெந்நீர் வைக்கும் செம்பை நாள்தோறும் நிரப்பி, மாலையில் கொட்டினேன். அதற்குக் காரணம் எழுதத் தெரியவில்லை. எந்தச் சாலை என்ற வினாவுக்கு விடை எழுத நாற்பத்தைந்து முறை அமர்ந்தேன். எனக்கு நோய் ஒன்றுமில்லை. வருத்தமும் பெரிதாக இருந்ததாகச் சொல்ல இயலாது. கை எழவில்லை, அவ்வளவே.

ஆவணி ஒன்பதாம் நாள் பூதன் பட்டியலோடு வந்து, நாயகியார் பெயருக்கு நேரே யாது எழுதுவது என்று கேட்டான். விதியில் உள்ளதை எழுதுக என்றேன். எழுதினான். எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை.

தங்கள் ஓலையில் ஒரு செய்தி கண்டேன். வாயில் காப்போன் நாகையை நோக்கி, இருபத்தாறு வயது வரை அப்பன் ஓலையில் மூச்சுவிட்டாய், இனி உன் ஓலையில் விடு என்று ஏளனம் செய்தான் என்றும், அதற்கு அவள், மூச்சு நன்றாயிருந்த நாளில் மூச்சைப் பற்றி நினைக்கத் தோன்றவில்லை, அது முட்டிய நாளில் எழுத்தாணி பிடிக்கக் கை வரவில்லை, எனக்கு என்ன நோய் எந்நாள் வரும் என்று ஓலை எழுதாதவர்கள் எந்தச் சாலை வேண்டும் என்று மட்டும் எழுதிக் கேட்டார்கள் என்று, நான்கு இடத்தில் மூச்சுக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள் என்றும் எழுதியிருந்தீர். அப்பகுதியை இருமுறை படித்தேன். அவள் வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இவையனைத்தையும் அரசர் திருமுன் வாசித்தேன். தாமே இயற்றிய விதியைத் தாமே மாற்றக் கேட்கும் அலுவலரை இதுவரை கண்டதில்லை, நாயகிக்கு உடல்நலந்தானா என்று அரசர் வினவியருளினார். உடல்நலம் பற்றிய ஓலை ஏதும் இப்போது என்னிடம் இல்லை என்றேன். அரசர் நகைத்தருளினார். நான் நகைப்புக்காகச் சொன்னதன்று. பின்னர் மாற்றத்துக்கு இசைந்தருளினார்.

ஆதலின் ஆணை. வடுகன் மகள் நாகை தங்கள் சாலையில் உடனே சேர்க்கப்படுக. அவள் தந்தையின் பழைய காப்பின் கீழ் மருந்து முழுதும் கொடுக்கப்படுக. இன்று முதல், விடை தாராதார் எவரும், வேண்டாம் என்று தம் வாயால் சொல்லும் வரை, பெற்றோரின் காப்பிலேயே இருப்பாராக. என் விதியால் ‘வேண்டாதவர்’ என்று எழுதப்பட்டோர் பதினோராண்டில் இருநூற்றுப் பதினெழுவர். அவர்தம் பட்டியல் இத்துடன் கட்டப்பட்டுள்ளது. மருத்துவம் அறிந்த ஒருவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் சென்று, அமர்ந்து, மூன்று சாலையையும் விளக்கி, அவர் சொல்வதைக் கேட்டு எழுதுக.

பட்டியலின் கடைசிப் பெயர் தலைநகர் வடக்குத் தெரு, கண்டனார் மகள் எழினங்கை. வயது அறுபத்தெட்டு. அவளிடமும் ஒருவர் வந்து கேட்பாராக. மாலையில் வீட்டில் இருப்பாள்.

ஓலையின் புறத்தே ஆணை எழுதுதல் முறையன்று. ஆயினும் ‘நாகையை உள்ளே கிடத்துக’ என்று இச்சுருளின் மேலே எழுதியிருக்கிறேன். இதனைக் கொண்டு வருபவன் வடுகன். அரண்மனைக் குதிரைகளுள் விரைந்ததை அவனே தேர்ந்துகொண்டான். அவன் எழுத்தறியான் ஆதலின், மேலே எழுதியதை அவனுக்கு வாயால் சொல்லியனுப்பினேன். வாயிலில் நின்று அவன் அதனைச் சொல்லும்போதே கதவு திறக்கப்படுக. முத்திரை உடைத்தலும், படித்தலும், விடை எழுதலும் பின்னர் ஆகுக.

ஆவணித் திங்கள் பன்னிரண்டாம் நாள், நாரை முத்திரையிட்டு, அரசர் ஆணையால், எழினங்கை எழுத்து.