கடல் கடந்து வந்தவளுக்கு நாங்கள் வைத்த பேனர்

அன்புள்ள அக்கா, என்னைத் திட்ட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போனவளே,

முதலில் மானம் போகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் ஜீப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் நான் பையன்கள் கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயசு, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். வாய் நிறைய வெற்றிலை. துப்பினால் சத்தம் கேட்குமே என்று அதையும் அடக்கிக்கொண்டு நின்றேன்.

தர்சிகாவை நினைவிருக்கிறதா? நீ தலைமையாசிரியையாக இருந்தபோது அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற சிலோன்காரப் பிள்ளை. "இன்னாக்கா, கேம்ப்ப வுட்டு வந்தவங்க போலக்கீது, விசாரிக்க வேணாவா?" என்றேன். "மொதல்ல சாப்புடட்டும்டா, அப்பறம் கேட்டுக்கலாம்" என்று மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தாய். அந்த அப்புறம் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

இந்த வருஷம் பத்தாம் வகுப்பில் மலைக்கே அவள்தான் முதல் மார்க். நம்ம ஊர்தான் உனக்குத் தெரியுமே. காது குத்தினாலும் பேனர், கருமாதிக்கும் பேனர். காவலூர் பஸ் ஸ்டாப்பில் ஆளுயரத்துக்கு அவள் படம். வாசகம், வழக்கம்போல அடியேன்: 'கடல் கடந்து வந்தாய், மலையை வென்றாய்!' கீழே வாழ்த்துவோர் வரிசையில், போனைக் காதில் வைத்தபடி நான்.

அவள் அம்மா மட்டும் வந்து, "அண்ணை, இதைக் கழட்டிவிடுங்கோ" என்றாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து இன்னொன்று வைத்தோம்.

படம் போன் போனாகத் தாவி, யார் கண்ணில் படக்கூடாதோ அவர்கள் கண்ணில் பட்டது. ராத்திரியெல்லாம் பெரிய தொலைநோக்கி வைத்து நட்சத்திரத்தை உற்றுப் பார்க்கிற ஊர் இது. ஜீப் மலை ஏறியதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

வெளிநாட்டுப் பிள்ளை படிப்பதை ஏன் தெரிவிக்கவில்லை என்று இப்போதைய தலைமையாசிரியரைக் கேட்டார்கள். அவர் உன் பேரைச் சொன்னார். செத்தவர்கள் எவ்வளவு சௌகரியம் பார். அனுமதியில்லாமல் அகதி முகாமுக்கு வெளியே தங்கியது தப்பு, அம்மாவும் பெண்ணும் இன்றைக்கே திரும்ப வேண்டும் என்றார்கள். யாரும் குரல் உயர்த்தவில்லை. அதிகாரி அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டில்கூட வாங்கிக் கொடுத்தாராம்.

கழிப்பறைக் கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது.

"மாமா, நாங்க கெளம்பறோம். ப்ளஸ் ஒன்ல என் எடத்த யாருக்கும் குடுக்க வேணாம்னு சார்கிட்ட சொல்றீங்களா?"

ஊருக்கெல்லாம் வாய் கொடுக்கிறவன் நான். அப்போது வெற்றிலைச் சாற்றை விழுங்கிக்கொண்டு தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றேன் அக்கா. ஜீப் சத்தம் வளைவில் அடங்கிய பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தேன்.

அவள் இடம் காலியாகத்தான் இருக்கிறது. முகாமிலிருந்து இங்கே வந்து படிக்க அனுமதி தருவார்களா? யார் தர வேண்டும்? கேட்டால் ஆளுக்கொரு ஆபீஸைக் கை காட்டுகிறார்கள். பேனரைக் கழட்டிவிட்டோம். டீக்கடைக் கூரையில் ஒழுகுகிற இடத்தில் தலைகீழாகக் கிடக்கிறாள்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் கீழே இறங்குகிறேன். சேர்த்தது என் அக்கா, பேனர் எழுதியது நான் என்று அந்த அதிகாரி முகத்துக்கு நேராகச் சொல்வேன். அவளை அந்த பெஞ்சில் மறுபடி உட்கார வைக்கிறவரை அலைவேன். வெற்றிலை போடாமல் போவேன், சத்தியம்.

உன் வாயாடித் தம்பி,
மணி

பி.கு.: நேற்று அவள் அம்மா போனில் சொன்னாள். தர்சிகா பிறந்தது வேலூர் ஆஸ்பத்திரியிலாம். அதனால் சட்டத்தில் ஒன்றும் மாறாதாம். கடலை அவள் இன்னும் பார்த்ததே இல்லையாம்.