சைரனுக்குச் சேர்ந்த சுருதி

இன்று ஷிப்ட் முடிந்ததும் புது மணி அடித்தது. லிஃப்ட் கதவு திறக்கிற மாதிரி ஒரு 'டிங் டாங்'. பழைய சைரனைக் கழற்றி ஸ்கிராப்பில் போட்டுவிட்டார்கள். உடனே உன்னிடம் சொல்லத் தோன்றியது. நீ இல்லை. எரிச்சலாக இருக்கிறது.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி திரும்பும் கம்பெனி பஸ்ஸில் கடைசி சீட் நம்முடையது. மடியில் என் லேப்டாப், ஆளுக்கொரு பக்க இயர்போன். நீ முனகுவாய், நான் சாப்ட்வேரில் ஒவ்வொரு நோட்டாக வைத்து, அடியில் துணைச் சுரங்கள் போடுவேன். உன் மெட்டு எந்த ஸ்கேலிலும் உட்காராது. இரண்டு கட்டைக்கு நடுவில் எங்கேயோ நிற்கும். உனக்குக் காது சரியில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் தினமும் அதே இடத்தில் எப்படித் தப்பும்? பிறகுதான் பிடிபட்டது. கம்பெனி கேட்டைத் தாண்டும்போது கேட்ட சைரனையே நீ 'ஸ' என்று வைத்துக்கொண்டிருந்தாய்.

"சுருதி தப்புடா."

"சைரனுக்குச் சேருதில்ல? உன் டப்பாவுக்குத்தான் சேரல. டப்பாவைத் திருப்பு மச்சி."

"சும்னிரப்பா" என்று டிரைவர் கன்னடத்தில் அதட்டுவார், வாயை மூடச் சொல்லி. அதையும் அதே சுருதியில் பாடிக் காட்டுவாய்.

திருப்பினேன். சாப்ட்வேரின் மொத்தச் சுருதியையும் சைரனுக்கு ஏற்றி வைத்தேன். மெட்டு அப்படியே உட்கார்ந்தது. கிறிஸ்துமஸுக்கென்று அந்த மெட்டில் கட்டிய பாட்டை நீ பஸ்ஸிலேயே பாட, பஸ் இரைச்சலோடு ரெக்கார்ட் செய்தேன். மாதா கோயில் பாடகர் குழுத் தலைவர் அதைக் கேட்டுவிட்டு உன்னிடம் சொன்னார். "ஆர்கனோட சேராது தம்பி. பின்னாடி நின்னு கை தட்டு." நீ சிரித்துக்கொண்டே தட்டினாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

டெங்கு உன்னைக் கொண்டுபோனது. இருந்தவரை மைக் தராத மனிதருக்கு, வருட நினைவுத் திருப்பலிக்கு உன் குரல் தேவைப்பட்டது. "பைலை அனுப்பு தம்பி, பிட்ச்சை சரி பண்ணிக்கலாம்."

"சரி பண்ண அதுல தப்பு ஒண்ணுமில்லை" என்றேன். அனுப்பவில்லை.

உன் தங்கை போனிலிருந்த காப்பியை வாங்கி, ஸ்டுடியோவில் கொடுத்து நேராக்கிவிட்டார்கள். கோயிலில் ஒலித்தது. ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்தார்கள். உன் அம்மா மட்டும் என் பக்கம் சாய்ந்து, "யாரு கண்ணு பாடறது? நல்லாப் பாடறானே" என்றார்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய் அவர் காதில் இயர்போனை மாட்டி, நம் பஸ் ரெக்கார்டிங்கைப் போட்டேன். முடிந்தபிறகும் கழற்ற விடவில்லை. "இன்னொரு வாட்டி போடு சாமி" என்றார்.

நான் போடும் எல்லா மெட்டும் இப்போது உன் சுருதியில்தான். கீபோர்டுக்காரர்கள் திட்டுகிறார்கள், எதோடும் சேரவில்லையாம். சேர வேண்டாம். சைரன் ஸ்கிராப்பில் கிடக்கிறது. கோயிலில் இனி வருடா வருடம் நேராக்கிய உன்னைத்தான் போடுவார்கள். நீ நின்ற இடம் என் லேப்டாப்பில் மட்டும்தான் மிச்சம். அதை எவனுக்கும் சரி பண்ணித் தர மாட்டேன்.