மலிவு மெமரி மேல் பழி

அண்ணா,

நீ லேப்டாப்பைச் சுவரில் அடித்து உடைத்து முப்பத்தாறு மணி நேரம் ஆகிறது. திரைச் சில்லு இன்னும் தரையில் கிடக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு நட.

"மலிவு மெமரி வாங்கிப் போட்டு என் வேலையையே கெடுத்துட்டியேடி!" என்று கத்தினாய். உடைந்ததிலிருந்து அந்த மெமரியைக் கழற்றி, அதையும் தோழியிடம் இரவல் வாங்கிய விலை உயர்ந்ததையும் என் லேப்டாப்பில் மாட்டிச் சோதித்தேன். இரண்டிலும் ஒரு பிழைகூட இல்லை. நீ மெத்தை மேல் வைத்தே வேலை செய்ததால் உன் லேப்டாப் சூடேறி நின்றிருக்கிறது. அடுத்த லேப்டாப்புக்கும் மலிவு மெமரியே போதும்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டில்.

தாடைக்கு எக்ஸ்ரே எடுக்க அம்மாவோடு போகிறேன்.

பி.கு.: கதவில் இடித்துக்கொண்டேன் என்றுதான் நீ சொல்லச் சொன்னாய். காலையில் அம்மா மறுபடியும் கேட்டாள். சொல்லிவிட்டேன்: "கதவு இல்லம்மா. அண்ணன்தான் அடிச்சான்."