முடிவைச் சொல்லாதே

றொசல்ல
18.05.2025, ஞாயிறு

அன்பின் வினோ,

நீயும் வீட்டில் எல்லோரும் சுகம்தானே. இதற்குமேல் சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமையில்லை. நேற்று வாட்ஸ்அப்பில் "கடைசி எபிசோட் பாத்தியாடி?" என்று கேட்டிருக்கிறாய். ஜப்பான் அனிமே பேச்சு இனிமேல் கடிதத்தில் மட்டும்தான் என்று எனக்குச் சத்தியம் செய்தது யார்? போன வருடம் நான் வகுப்பில் நிற்கும்போது "அவன் செத்துட்டான்டி" என்று அனுப்பி, நாற்பத்தெட்டு எபிசோட் பார்த்த என் உழைப்பை இரண்டு சொல்லில் கொன்றவள் நீ. படிக்கிற நாளில் விடுதியில் ஒரே அறையில் இருந்தபோதும் நான் படிக்கிற நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு வந்து சொல்கிறவள்தானே. நுவரெலியாவிலிருந்து கடிதம் வர நாலைந்து நாளாகும். அதற்குள் நான் பார்த்துவிடுவேன். உன் வாய்க்குத் தபால்காரர்தான் பூட்டு.

'நூலகத்து வசந்தம்' மூன்றாம் சீசனில் பத்தாம் எபிசோடுக்கு வந்துவிட்டேன். என்னால் முடியவில்லை. பையனுக்கு அவளைப் பிடிக்கும். அவளுக்கும் அவனைப் பிடிக்கும். இது அந்த நூலகத்துப் பூனைக்கே தெரியும். ஆனால் நம்ம கண்ணாடிக்காரன் வாயைத் திறந்தால் வாணவெடி வெடிக்கும். அடுத்த முறை திறந்தால் ரயில் போகும். அதற்கடுத்து அவளுக்குக் காய்ச்சல். இரண்டாம் சீசன் முடிந்ததும் ஒரு படம் எடுத்தார்களே, அதில் முக்கால்வாசி பழைய காட்சிகளையே ஒட்டியிருக்கிறார்கள். புதிதாக வந்த பத்து நிமிடத்தில் அவன் தும்முகிறான். ஒரு தும்மலுக்கு ஒரு படம்! இதற்குள் ஹட்டன் கடைகளில் அவர்கள் முகம் போட்ட சாவிக்கொத்து, கொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் வந்துவிட்டன. என் தரம் ஒன்பது பிள்ளைகளின் பென்சில் பெட்டியில்கூட அந்தக் கண்ணாடிதான். சொல்லிவிட்டால் கதை முடியும், கதை முடிந்தால் போத்தல் விற்காது. அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கோபம் எனக்கு மட்டுமில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் பள்ளிக்கூடத்து விடுதியறையைப் பூட்டிக்கொண்டு அம்மாவைப் பார்க்க றொசல்லைக்கு வருகிற பஸ்ஸில் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் முத்துலிங்கமும் ஹட்டன் வரை வருவார் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அவர் நோட்டன் பிரிட்ஜ் ஸ்டாண்டிலேயே ஏறிவிடுவார். பள்ளிக்கூடத்து ஹோல்ட்டில் நான் ஏறும்போது நிற்கக்கூட இடமிருக்காது. பக்கத்து சீட்டில் குடையைப் போட்டு எனக்குப் பிடித்து வைத்திருப்பார். உட்கார்ந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி:

"என்னங்க டீச்சர், அந்தக் கண்ணாடி சொல்லிட்டானா?"

"இன்னும் இல்லீங்க."

"அட, இன்னுமா? நாலு வருசமா புத்தகத்தையே அடுக்கிக்கிட்டு இருக்கானே! லைபிரரியில வேற ஆளே இல்லியா?"

கதையைச் சொல்வேன். முடிவை மட்டும் அவருக்கும் சொல்லமாட்டேன். முடிவை அடுத்தவர் வாயால் கேட்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு, கடைசி எபிசோடை மட்டும் தன் போனில் பார்த்துவிட்டு வருவார். உன்னைவிட ஒழுக்கமானவர்.

கோபம் தணியாத,
ஷெரோமி


நுவரெலியா
25.05.2025

என் அருமை ஷெரோ,

திட்டு கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். இங்கே மழையும் குளிரும். ஆபீசில் எல்லோரும் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு, படிவம் கேட்டு வருகிறவர்கள்மேல் எரிந்து விழுகிறோம். உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் கஜேந்திரன், "ரெண்டு பேருக்கும் நாப்பத்தஞ்சாகப் போகுது, இன்னும் கார்ட்டூன் படத்துக்கு ஒப்பாரி" என்கிறார். அவர் கிரிக்கெட்டுக்கு வைக்கிற ஒப்பாரியை நான் கேட்டதே இல்லையாம்.

கண்ணாடிக்காரனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். நான் பார்த்து முடித்துவிட்டேன். சொல்லமாட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

மனம் ஆற, 'ஏழாம் வாசல்' பார். வாள், மந்திரம், பறவைநாகம் எல்லாம் உண்டு. காதலும் உண்டு, ஆனால் யாரும் தும்மமாட்டார்கள்.

இன்னொன்று. உன் கடைசி நாலு கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். நாலிலும் கிளாக்கர் வருகிறார். ஒன்றில் அவருடைய குடைக்குக் கைப்பிடி மாற்றிய செய்திகூட இருக்கிறது. ஆறு வருடம், வெள்ளிக்கு வெள்ளி, ஒரு மனிதர் குடையைப் போட்டு ஒருத்திக்கு சீட் பிடிக்கிறார். இதைத் திரையில் பார்த்திருந்தால் நீ என்ன கத்து கத்தியிருப்பாய் என்று யோசித்தேன். வேறொன்றுமில்லை.

உன் வாயாடி,
வினோ


றொசல்ல
08.06.2025, ஞாயிறு

அன்பின் வினோ,

'ஏழாம் வாசல்' பார்த்தேன். உனக்கு என்மேல் என்ன பகை? கதாநாயகன் ஒரு ஆபீஸ் எழுதுவினைஞர். முதல் எபிசோடிலேயே லொறியில் அடிபடுகிறான். கண்ணைத் திறந்தால் அரண்மனை, தங்க வாள், சுற்றி ஏழு பெண்கள். ஏழு பேருக்கும் ஒரே முகம், தலைமயிரின் நிறம் மட்டும் வேறு. பச்சைத் தலை கோபித்துக்கொண்டு போனால் ஊதாத் தலை அழுகிறது. கினிகத்தேனை வளைவில் நமக்கு லொறி அடித்தால் கிடைப்பது மாவுக்கட்டு. அவனுக்கு ஒரு நாடு! இருபத்தாறு எபிசோட் முடிய, ஏழு வாசலில் இரண்டைத்தான் திறந்திருக்கிறார்கள். மிச்சம் ஐந்தும் எந்த வருடமோ.

இருபத்தாறையும் பார்த்தாயே என்று கேட்பாய். ஒன்பதாம் எபிசோடில் அரண்மனைச் சமையற்காரி வருகிறாளே, அவளுக்காகத்தான். ஏழு பேரில் அவள் சேர்த்தியில்லை. அவன் போருக்குப் போன நாட்களிலும் அவனுக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கிறாள். யாரிடமும் சொல்வதில்லை. அவன் திரும்பி வந்து, அந்தத் தட்டில் சாப்பிட்டுவிட்டு, கழுவி வைத்துவிட்டுப் போகிறான். அவனும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த இரண்டு நிமிடத்தை வரைந்தவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. பிறகு பறவைநாகம் வந்து கெடுத்துவிட்டது.

இப்போது செய்தி. முந்தாநாள் பஸ்ஸில் அவர் கண்ணாடிக்காரனைப் பற்றிக் கேட்கவில்லை.

"டீச்சர், எனக்கு இராகலைப் பக்கம் ஒரு தோட்டத்துல பெரிய கிளாக்கர் வேல கெடச்சிருக்கு. ஆகஸ்ட் ஒண்ணாந் தேதி போகணும்" என்றார்.

"நல்லதுங்க" என்றேன்.

"நல்லதுதானுங்களா?"

"பெரிய கிளாக்கர்னா நல்லதுதானே."

பிறகு ஹட்டன் வரை அவர் முன் கண்ணாடியைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். வாணவெடி வெடிக்கவில்லை வினோ. ரயில் போகவில்லை. யாருக்கும் காய்ச்சல் இல்லை. முழுதாக ஒரு மணி நேரம் இருந்தது. ஒரு பள்ளிக்கூடப் பையனை நாலு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிற நான் "நல்லதுங்க" என்றேன்.

அவருக்கு நாற்பத்தெட்டு. மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, தன்னை மறந்துபோன மனிதர். அவர் இந்துக் கோவிலுக்கு, நான் மாதா கோயிலுக்கு. இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அவருக்கு எப்படியோ தெரியாது. வெறும் நல்ல மனிதராக மட்டும் இருந்து, டீச்சர் கால்வலிக்காமல் போகட்டும் என்றுதான் ஆறு வருடம் குடை போட்டிருந்தாரானால் நான் எந்த முகத்தோடு அந்தப் பஸ்ஸில் ஏறுவது?

உனக்கு ஏன் இதை எழுதினேன் என்று இப்போதே பயமாக இருக்கிறது. நீ எதுவும் செய்யாதே. முடிவைச் சொல்லாதே, எனக்கும் சொல்லாதே, அவருக்கும் சொல்லாதே.

ஷெரோமி


நுவரெலியா
18.06.2025

அன்பின் ஷெரோ,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் எறிகிற மாதிரி ஏதும் இருந்தால் தள்ளி வை.

நேற்று ஆபீசில் பிறப்புச் சான்றிதழ் பிரதிக்காக ஒருவர் வந்தார். மடித்த குடை, கைப்பிடி புதிது. படிவத்தை வாங்கிப் பெயரைப் பார்த்தேன். முத்துலிங்கம், நோட்டன் பிரிட்ஜ். கடவுளாகப் பார்த்து என் மேசைக்கு அனுப்பினார் என்றுதான் அந்த நேரம் தோன்றியது. அவர் வேறு மேசைக்குப் போயிருக்கக் கூடாதா?

"ஷெரோமி டீச்சருக்கு பஸ்ஸுல சீட்டு புடிக்கிறவரு நீங்கதானே?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. நீங்க..."

"நான் வினோதா. அவ கூட்டாளி."

"ஓ, முடிவச் சொல்றவங்க" என்றார்.

என்னைப் பற்றி ஊரெல்லாம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? அந்த ரோசத்தில்தான் வாய் முந்திக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், யோசிக்கவேயில்லை. "இதையும் கேட்டுக்கங்க. நீங்க இராகலைக்குப் போறது அவளுக்கு நல்லதே இல்ல. நல்லதுங்கன்னு சொன்னாளே, அது பொய். அவளுக்கு ஒங்கள புடிச்சிருக்கு, நாலு வருசமோ ஆறு வருசமோ" என்றேன். பக்கத்து மேசைக்காரி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

அவர் பேனாவுக்கு மூடி போட்டார். சட்டைப்பையில் செருகினார். அப்புறம் கேட்டார்: "இந்தப் பாரத்துல வேற எங்கயாச்சும் கையெழுத்து வைக்கணுங்களா?"

இல்லை என்றேன். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்னைத் திட்டி எழுது.

வினோ


நுவரெலியா
06.07.2025

ஷெரோ,

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். தபாலும் இல்லை. பதினெட்டு நாளாகிறது. கஜேந்திரன்கூட, "பாவம், நீயே போய் கால்ல விழு" என்கிறார். நான் இப்போது எதையும் பார்ப்பதில்லை. பார்த்தால் யாரிடம் திட்டு வாங்குவது?

வெறும் கடதாசியாவது அனுப்பு.

வினோ


றொசல்ல
13.07.2025, ஞாயிறு

வினோதா,

அன்பின் என்று எழுதவில்லை, கவனித்தாயா? வேண்டுமென்றுதான்.

ஜூன் இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை நான் ஹோல்ட்டில் ஏறியபோது சீட்டில் குடை இல்லை. மரக்கறிக் கடைக்குப் போகிற ஒரு மூட்டை கோவா இருந்தது. அவர் கதவடியில், குடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தலையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு, தரம் ஒன்பதுக்குப் போய் ஒரு பாடம் முழுக்க வினையெச்சம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த வெள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்ததும். மூன்று வெள்ளி, கண்டக்டர் "இஸ்ஸரஹட, இஸ்ஸரஹட" என்று முன்னால் தள்ளத் தள்ள, நின்றுகொண்டே ஹட்டன் போனேன். வளைவுக்கு வளைவு உன்னைச் சபித்தேன். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது, அது அவருக்கு வேண்டாத பதில், மரியாதையாக விலகி நிற்கிறார். இப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் வெள்ளி வீட்டுக்கு வந்து 'நூலகத்து வசந்தம்' பதினோராம் எபிசோடைப் போட்டேன். கண்ணாடிக்காரன் ரயிலடியில் நிற்கிறான். அவள் ஊரைவிட்டுப் போகிறாள். அவன் வாயைத் திறக்கிறான். ரயில் வருகிறது. போனை அணைத்துக் கட்டிலில் எறிந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் எப்போதும் அவனைத்தான் திட்டினேன். நாலு வருடமாக அவளும் அங்கேதான் இருந்தாள். அவளுக்கும் வாய் இருந்தது.

முந்தாநாள் பள்ளிக்கூட அதிபரிடம் கடைசிப் பாடத்துக்கு லீவு கேட்டேன். மழையில் ஸ்டாண்டுக்கு இறங்கி நடந்தேன். பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் என் குடையைப் போட்டேன். இத்தனை வருடத்தில் நான் யாருக்கும் சீட் பிடித்ததில்லை வினோ.

பஸ் நிறைந்தது. ஒரு அம்மா வந்து, "யாராச்சும் வராங்களா?" என்றார். "வராங்க" என்றேன். இன்னொருவர் கேட்டார். அவருக்கும் அதே பதில். கடைசியில் கண்டக்டரே வந்துவிட்டார்.

"என்னாங்க டீச்சர், குடைக்கும் டிக்கட் போடவா? யாருக்கு சீட்டு?"

"கிளாக்கருக்கு" என்றேன். பஸ் முழுக்கக் கேட்டது.

அவர் அப்போதுதான் படியில் கால் வைத்திருந்தார். கண்டக்டர் விடவில்லை. "ஏறுங்க கிளாக்கரையா! டீச்சர் ஒங்களுக்காக பஸ்ஸையே எழுதி வாங்கிட்டாங்க!" என்று கத்தினார். பின்னால் யாரோ விசிலடித்தார்கள். அது என் பழைய மாணவன் தனுஷன், அவனை நான் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

அவர் வந்தார். என் குடையை எடுத்தார். "சீட்டெல்லாம் நனைஞ்சிருச்சே டீச்சர்" என்று கைலேஞ்சியால் துடைத்தார். உட்கார்ந்தார். பஸ் புறப்பட்டு இரண்டு வளைவு தாண்டியபிறகுதான் பேசினார்.

"அந்தம்மா அன்னிக்கி சொன்னாங்க. அதக் கேட்டுக்கிட்டு வந்து நான் பழையபடி பக்கத்துல ஒக்காந்தா, டீச்சர் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிருமே. முடிவ அடுத்தவங்க வாயால கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க. அதான் கேக்காத மாதிரி தள்ளி நின்னேன்."

என்னிடமே என் விதியை! மூன்று வெள்ளிக்கிழமை நின்ற என் முழங்காலுக்கு யார் பதில் சொல்வது? அவரைத் திட்டினேன். நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவரும் சொன்னார். என்ன சொன்னோம் என்பதை உனக்கு எழுதமாட்டேன். அதுதான் உனக்குத் தண்டனை.

இராகலைக்கு அவர் போகத்தான் வேண்டும். நான் வருட முடிவில் மாற்றம் கேட்டு எழுதுகிறேன். ஆடி போகட்டும் என்கிறார் அவருடைய தங்கை. ஓகஸ்ட் மாதா திருநாள் போகட்டும் என்கிறாள் அம்மா. இங்கேயும் சீசனுக்குச் சீசன் இடைவெளி விடுகிறார்கள்.

உன்மேல் கோபம் போகவில்லை. நீ சொல்லியிராவிட்டால் அவர் தள்ளி நின்றிருக்கமாட்டார், அவர் தள்ளி நிற்காவிட்டால் நான் இறங்கி நடந்திருக்கமாட்டேன் என்று மட்டும் வாதாட வராதே. அதை நானே யோசித்துப் பார்த்துவிட்டேன்.

கடைசி எபிசோட் இன்னும் பாக்கி. வருகிற வெள்ளி பஸ்ஸில், ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு பார்ப்பதாக இருக்கிறோம். அந்தக் கண்ணாடி சொன்னானா இல்லையா என்பது உனக்குத் தெரியும். போன் பண்ணாதே, தந்தி அடிக்காதே, கஜேந்திரனிடம் சொல்லி அனுப்பாதே.

இந்த முடிவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
(இதையும் வேண்டுமென்றுதான் எழுதினேன்)
ஷெரோமி