பத்தொன்பது ஒன்றுகள்

எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் அதன் அறைக்குள் போக வேண்டும். என் சாக்ஸ் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப்பார்த்ததை ஆபீஸே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. ஆபரேட்டர் பெண்ணிடம் கெஞ்சி உன் எண்ணை அடிக்கச் சொன்னேன்: பத்தொன்பது ஒன்றுகள், வரிசையாக. "இத்னா படா நம்பர், அங்கிள்?" என்று அதன் நீளத்தைப் பார்த்துச் சிரித்தாள். திரையில் பாதி ஒன்றுகளைக் காணோம், சுருக்கி எழுதிவிட்டது. நம் பொறுமை அதற்கு இல்லை.

லேபர் கேம்ப் குடியிருப்பில் நமக்கு அடுத்தடுத்த கதவு, ஆபீசில் அடுத்தடுத்த மேஜை. ஆஸ்பத்திரியில்தான் உனக்குக் கட்டில், எனக்கு ஸ்டூல் என்றானது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் என்னிடம் வராந்தாவில் சொன்னார். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தால், நீ ஒரு காகிதத்தை நீட்டினாய். "இத வகுக்குற நம்பரக் கண்டுபிடிலே. இது உடைஞ்சா நானும் எந்திரிச்சு வீட்டுக்கு வந்துருவேன்."

முதலில் பத்தொன்பதாலேயே வகுத்தோம். ஒன்றை இறக்கு, கழி, மறுபடி ஒன்றை இறக்கு. பதினெட்டாவது ஒன்றில் மிச்சம் பூஜ்யம்! நான் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் வார்டுக்கே சாயா சொல்லிவிட்டார். நீதான் காகிதத்தைப் பார்த்தாய். "மூதி, இன்னும் ஒரு ஒண்ணு கெடக்குலே." அதை இறக்கினோம். ஒன்று மிச்சம். சாயாவை மட்டும் குடித்தோம்.

பிறகு நீயே ஒரு விதி சொன்னாய்: இதை வகுக்கும் பகா எண் இருந்தால், அதை முப்பத்தெட்டால் வகுக்கும்போது ஒன்றுதான் மிஞ்ச வேண்டும். அப்படி வடிகட்டியும் நூறு கோடியைத் தாண்டித் தேட வேண்டும். ஆபீஸ் விட்டதும் ஓடிவருவேன். சாயங்காலத்துக்கு ஓர் எண். 191, 229, 419. எதுவும் மசியவில்லை.

மாட்டுங்காவில் ஒரு கணக்குப் புரொபசரைப் பிடித்தேன். காகிதத்தைப் பார்த்ததுமே சிரித்தார். "அது பிரைம் நம்பர் ஓய்! தலைகீழா நின்னாலும் உடையாது. எப்பவோ நிரூபிச்சாச்சு."

இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? வாய்க்கு வந்த ஆபீஸ் வம்பையெல்லாம் அளந்துவிட்டுக் கடைசியில் சொன்னேன்.

"தெரியும்லே" என்றாய். "உடையுற நம்பரக் குடுத்தா, ரெண்டு நாள்ல சோலிய முடிச்சிட்டு நீ வராம இருந்துருவ."

"அப்போ வீட்டுக்கு வாறேன்னு சொன்னது?"

"டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டுச்சுலே. அடுத்த நம்பர எடு."

571-ஐப் பாதியில் விட்டுவிட்டுப் போனாய். உன்னை எரித்துவிட்டுத் திரும்பிய லோக்கல் ரயிலில், யாரோ போட்டுவிட்டுப் போன பேப்பரின் ஓரத்தில் அதை வகுத்து முடித்தேன். மிச்சம் இருந்தது.

இப்போதும் ஆபீஸ் விட்டு வந்ததும் ஓர் எண்ணோடு உட்காருகிறேன். உடையாது என்று தெரியும். முடித்ததும், விசிட்டிங் நேரம் தாண்டிவிடுமே என்று அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போகிறேன். பிறகு உள்ளே வந்து கழற்றி ஆணியில் மாட்டுகிறேன்.