அக்காவுக்குப் போட்ட நாற்காலி

சனிக்கிழமை, இரவு.

அக்கா மகள் செலின் ஓட்டை வேனில் அலைச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு மணப்பாடுவரை அலை தேடிப் போய் எடுத்த படத்தை இன்று கடற்கரையில் திரைகட்டிப் போட்டோம். ஏழு கடலும் எழுந்து நின்று கைதட்டப்போகும் படம் என்று ஆட்டோவில் மைக் பிடித்து முழங்கியவன், தாய்மாமனாகிய நானேதான். அக்கா வீட்டு வாசலில் மட்டும் மூன்று முறை முழங்கினேன். மகள் பலகையில் ஏறிய நாளிலிருந்து அவளோடு பேசாத அக்கா, ஜன்னலைத் திறந்து, “ஏலே, மைக்க அணைச்சிட்டுப் போ!” என்றாள்.

நாளை ஞாயிறு, கடலுக்குப் போகாத நாள். அதனால் ஊரே வந்திருந்தது. முன்வரிசையில் அக்காவுக்குப் போட்ட நாற்காலி மட்டும் கடைசிவரை காலி.

“மாமா, அம்மா வரவே இல்லையா?” என்றாள் செலின்.

“ஏளா, அவ வந்தாளே. கூட்டத்துக்குப் பின்னால நின்னு பாத்துட்டுப் போனா.”

இத்தனை வருஷத்தில் என் புளுகு எதையும் நம்பாதவள், இதை நம்பிவிட்டாள். “அழுதாளா?” என்று வேறு கேட்டாள்.