வலது கண்ணின் இமைமுடி

செவ்வாய், இரவு

இன்று கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எந்தக் கருவியையும் தொடவில்லை. என் வீட்டுக்காரர் முகத்தைச் சும்மா பார்த்தார்.

“மருந்து ரெண்டு கண்ணுக்கும் விடுறீங்களா?”

“தெனம் ராத்திரி வுடறேன்மா.”

“வலது கண்ணுக்கு மட்டும்தானே?”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா என்னிடம், “இமையைப் பாருங்க” என்றார். வலது இமைமுடி நீண்டு, கறுத்து, மை தீட்டியதுபோல வளைந்திருந்தது. இடது கண் கல்யாணத்தன்று பார்த்த அதே கண். கண் பிரஷரைக் குறைக்கும் அந்த மருந்து இமைமுடியையும் வளர்த்துவிடுமாம். தினமும் எதிரில் உட்கார்ந்து சோறு போடுகிறேன், எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு சொட்டு! இத்தனை மாதமாக அது முகத்திலேயே சாட்சி எழுதி வைத்திருக்கிறது.

பிறகு சோதித்தார்கள். இடது கண்ணிலும் ஓரப் பார்வை குறைந்திருக்கிறது. போனது திரும்பாதாம்.

வெளியே வந்ததும் கேட்டேன். “இன்னாத்துக்குய்யா இந்த எடது கண்ண மட்டும் வுட்டுட்ட?”

“மருந்து வுட்டா செவந்து மங்குது. விடிகாலைல கடலுக்குப் போவணும். எண்ணூர் பவர் ஹவுஸ் சிம்னி லைட்ட பாத்துதான் கரைக்கு வரேன். அதுக்கு ஒரு கண்ணாவது தெளிவா வேணாமா?”

மருந்துப் புட்டியை அவர் கையிலிருந்து வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

இன்று இரண்டு கண்ணுக்கும் நானே விட்டேன். இடது கண்ணில் சொட்டு விழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது தூங்குகிறார். நான் அந்த இடது கண்ணின் வெறும் இமையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாமியிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறேன். புருஷனுக்கு இமைமுடி வளரட்டும் என்று கேட்டது இன்றைக்குத்தான்.